தீம் பார்க்குக்குப் போன பொங்கப்படி

1

என் வீட்டுக்காரர் மூன்று நாள் சுற்றுலாவுக்கு மூன்று மாதம் திட்டம் போட்டார். ஊரிலிருந்து என் அண்ணனும் மதினியும் வருகிறார்கள், அவர்களைப் பெரிய தீம் பார்க் ஒன்றுக்குக் கூட்டிப் போகவேண்டும், பார்க்குக்குள்ளேயே இருக்கிற ரிசார்ட்டில் தங்கவேண்டும், ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாது. கேட்பவர்களுக்கு மச்சினன் மேல் என்ன பாசம் என்று தோன்றும். எங்கள் கட்டடத்தில் தோன்றவும் செய்தது. இரண்டாம் மாடி மராட்டிக்கார அம்மாள், தன் மகளுக்கும் இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்கவேண்டும் என்று என்னிடமே சொன்னாள். நான் சிரித்துவைத்தேன்.

அவளுக்குத் தெரியாத விஷயம், அந்தத் திட்டம் எதற்காகப் போடப்பட்டது என்பது. அண்ணன் எங்கள் வீட்டைப் பார்க்கக் கூடாது. அதற்காகத்தான்.

மும்பை செம்பூரில் எங்களுக்குச் சொந்த வீடு. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் களக்காட்டுக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் சொன்னதும் அதுதான், “பம்பாயில சொந்த வீடு.” அதில் பொய் கிடையாது. மாப்பிள்ளைக்குக் குடி உண்டா, சீட்டு உண்டா, தலைமுடி ஒரிஜினலா என்று அக்குவேறு ஆணிவேறாக விசாரித்த எங்கள் ஆட்கள், வீடு எவ்வளவு பெரிசு என்று மட்டும் கேட்க மறந்துவிட்டார்கள். நான் வந்து கதவைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இங்கே இதற்கு ஒன் ரூம் கிச்சன் என்று பெயர். ஒரு அறை. அதுவே ஹால், அதுவே படுக்கையறை, மகள் நிவியின் பரீட்சைக் காலத்தில் அதுவே லைப்ரரி. சோபாவை முன்னால் இழுத்தால் கட்டிலாகும். கட்டிலானபின் பீரோ திறக்காது, வாசல் கதவு பாதிதான் திறக்கும். அதனால் மறுநாள் உடுத்த வேண்டியதை முந்தின சாயங்காலமே எடுத்துவைத்துவிட வேண்டும். “கோமதி வீட்ல எல்லாம் நேரம் காலத்துக்கு நடக்கும்” என்று ஊரில் என்னைப் பற்றி ஒரு நல்ல பேச்சு உண்டு. அந்தப் பெயரெல்லாம் இந்த பீரோ வாங்கிக் கொடுத்தது.

ஊருக்கு வீடியோ காலில் பேச ஒரு சுவரை ஒதுக்கிவைத்திருக்கிறோம். அந்தச் சுவருக்கு மட்டும் நல்ல பெயின்ட், ஒரு படம், ஒரு பூச்சாடி. போனை இடப்பக்கம் திருப்பினால் துணிக்கொடி, வலப்பக்கம் திருப்பினால் கேஸ் சிலிண்டர். எனவே எங்கள் வீட்டில் யாரும் போனைத் திருப்புவதில்லை. இந்த வீட்டை விற்றால் களக்காட்டில் ஒரு தெருவையே வாங்கலாம் என்று வீட்டுக்காரர் அடிக்கடி சொல்லி மனசைத் தேற்றிக்கொள்வார். விற்கப் போவதுமில்லை, வாங்கப் போவதுமில்லை.

அண்ணன் வருகிறேன் என்ற போதெல்லாம் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. ஒரு வருஷம் வெள்ளையடிக்கிறார்கள். ஒரு வருஷம் தண்ணீர்க் குழாய் மாற்றுகிறார்கள். ஒரு வருஷம் நிவிக்குப் பரீட்சை. அப்போது அவள் யுகேஜி படித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அண்ணன் வருகிறேன் என்று சொல்வதையே விட்டுவிட்டான். நாங்களும் அப்பாடா என்று இருந்தோம்.

இந்தப் புரட்டாசியில் திடீரென்று போன். அண்ணனுக்குக் களக்காட்டில் வாழைக்காய் மண்டி. அதை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறானாம்.

“ஏட்டி கோமதி, இத்தன வருஷமும் ஒனக்குப் பொங்கப்படிய மணியார்டர்லயும் போன்லயும் அனுப்பிட்டேன். மண்டிய விட்டுட்டு நகர முடியல. இந்த வருஷம் நானே கொண்டாரேன். மதினியும் வாரா. டிக்கெட்டும் எடுத்தாச்சு.”

நெல்லைப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பொங்கலுக்கு முன்னால் பிறந்த வீட்டிலிருந்து பச்சரிசி, வெல்லம், மஞ்சள் குலை, கரும்பு, வாழைத்தார், சேலை என்று கொண்டுபோய் இறக்குகிற சீர்தான் பொங்கப்படி. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் தம்பிமார் செய்யவேண்டியது.

நான் போனை வைத்ததும் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் வீட்டைப் பார்த்தேன். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

2

வீட்டுக்காரர் ஒரு கப்பல் சரக்கு ஏஜென்சியில் இருக்கிறார். எந்தப் பெட்டி எப்போது இறங்கும், எப்போது லாரி ஏறும் என்று பார்க்கிற வேலை. பெட்டி துறைமுகத்தில் சும்மா நின்றால் வாடகை ஏறும், கிட்டங்கிக்குப் போனால் கூலி ஏறும். இறங்கிய கையோடு லாரியில் ஏற்றிப் போகவேண்டிய இடத்துக்கு அனுப்புகிறவன்தான் கெட்டிக்காரன். அந்தத் தொழில் ஞானத்தை அப்படியே என் அண்ணன் மேல் பிரயோகித்தார்.

ஊர் ரயில் மும்பைக்குள் நுழைவதற்கு முன்னால் கல்யாண் ஸ்டேஷனில் நிற்கும். அங்கேயே இறக்கிவிடவேண்டும். ஸ்டேஷன் வாசலில் கார் தயாராக நிற்கும். அங்கிருந்து நேரே தீம் பார்க். மூன்று நாள் கழித்து பார்க்கிலிருந்து நேரே கல்யாண், அங்கேயே ஊர் ரயில். போகிக்கு முன்னால் அண்ணன் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவான். செம்பூர் என்கிற ஊர் அந்த வரைபடத்திலேயே வராது.

“வீட்டுக்கு வந்தா டிராஃபிக்லயே அரை நாள் போயிரும் மச்சான்,” என்று போனில் விளக்கினார். “அந்த நேரத்துல அங்க பத்து ரைடு முடிச்சிரலாம்.”

அண்ணனுக்கு ரைடு என்றால் என்னவென்றே தெரியாது. “ஒங்க இஷ்டம் மாப்ள” என்றான். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் போர்க்கால நடவடிக்கை. எந்த ரைடுக்கு எப்போது கூட்டம் குறைவு, எந்த வாசலில் வரிசை சின்னது, மதியச் சாப்பாட்டைக் கூட்டத்துக்கு முன்னால் முடிப்பதா, பின்னால் முடிப்பதா என்று வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். ஆபீசில் லீவு கேட்கவே தயங்குகிற மனிதர், பார்க்கின் கஸ்டமர் கேருக்கு போன் போட்டு இந்தியில் அதட்டிக்கொண்டிருந்தார். மெஷின் பேசினாலும் அதட்டினார். நிவிக்குப் பதினேழு வயசு. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு எதையும் கேட்காத மாதிரி இருப்பாள், எல்லாம் கேட்டிருக்கும். ஒருநாள் அதைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.

“பப்பா, மாமா என்ன ஸ்மக்ளிங் சரக்கா? ஏன் ஸ்டேஷன்லேருந்து இப்டி ஒளிச்சு ஒளிச்சுக் கூட்டிட்டுப் போறோம்?”

“ஒனக்கு இதெல்லாம் புரியாது. போய்ப் படி.”

“எங்க போறது? இதே ரூம்லதான படிக்கணும்.”

அவர் அடுத்த வீடியோவைத் திறந்தார்.

3

கல்யாணில் ரயில் நின்றதும் முதலில் இறங்கியது இரண்டு கரும்பு. பின்னால் ஒரு முழு வாழைத்தார், சாக்கில் சுற்றியது. அதற்குப் பின்னால் அரிசி மூட்டை, மஞ்சள் குலை, ஒரு பெரிய பை. கடைசியாக மதினி, அண்ணன். அண்ணன் கரைபோட்ட புது வேட்டியும் புதுச் சட்டையும் போட்டிருந்தான். சட்டைக் காலரில் அட்டை குத்தியிருந்த குண்டூசி இன்னும் இருந்தது. ரயிலில் கசங்கக் கூடாது என்று இறங்குவதற்கு முன்னால் மாற்றிக்கொண்டானாம்.

“ஏட்டி, மெலிஞ்சிட்டியே” என்றாள் மதினி. போன தடவை பார்த்ததைவிட நான் நன்றாகவே பருத்திருந்தேன். உறவு என்றால் அப்படித்தான் சொல்லவேண்டும்.

கரும்பு காருக்குள் நுழையவில்லை. ஜன்னலை இறக்கி வெளியே நீட்டிக்கொண்டு ஹைவேயில் போனோம். அரசியல் கட்சி ஊர்வலம் என்று நினைத்து ஒரு டெம்போக்காரன் ஹார்ன் அடித்து வாழ்த்திவிட்டுப் போனான்.

பார்க் வாசலில் செக்யூரிட்டி எங்களை நிறுத்திவிட்டான். வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது. அதற்கு ஒரு போர்டு, போர்டுக்கு ஒரு விதி எண், விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு போர்டு. வீட்டுக்காரர் எல்லா வீடியோவும் பார்த்திருந்தார். கரும்போடு வருகிறவர்களைப் பற்றி ஒருவனும் வீடியோ போட்டிருக்கவில்லை.

“என்ன மாப்ள சொல்லுதான்?” என்று அண்ணன் கேட்டான்.

“சாப்பாட்டுச் சாமான் கூடாதாம் மச்சான்.”

“பச்சரிசிய அவிக்காம எவன் திம்பான்? மஞ்சளக் கடிச்சா திங்கப் போறோம்? அவன்ட்ட கேளுங்க.”

வீட்டுக்காரர் கேட்கவில்லை. மேனேஜர் வந்தார். அவருக்கு மேல் ஒரு மேனேஜர் வந்தார். இரண்டாமவர் வாழைத்தாரைச் சுற்றி வந்து பார்த்தார், ஒரு ஃபோட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினார். பதில் வரவில்லை. கடைசியில் நிவிதான் முன்னால் போனாள்.

“பையா, யே பூஜா கா சாமான் ஹை.”

பூஜை சாமான் என்ற வார்த்தைக்கு இந்த நாட்டில் திறக்காத கேட் கிடையாது. செக்யூரிட்டி செருப்பைக் கழற்றிவிட்டுக் கரும்பைத் தொட்டுக் கும்பிட்டான். மூட்டையைத் தள்ளுவண்டியில் அவனே ஏற்றினான். ரிசப்ஷனில் இருந்த பெண் எங்கள் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு, “செம்பூரா? பக்கம்தானே, தினம் வீட்டுக்குப் போயிட்டு வரலாமே, தங்கணுமா?” என்று இந்தியில் கேட்டாள். வீட்டுக்காரருக்கு உடனே இருமல் வந்தது. அண்ணனுக்கு இந்தி தெரியாது. ஆனால் செம்பூர் என்பது இந்தி வார்த்தை இல்லையே. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

4

ரிசார்ட் ஒரு ராஜஸ்தான் அரண்மனை மாதிரி கட்டப்பட்டிருந்தது. வாசலில் தலைப்பாகை கட்டிய ஒரு பீகார்ப் பையன் எங்களுக்கு ராஜா காலத்து வணக்கம் வைத்தான். எங்களுக்கு இரண்டு ரூம், நடுவில் ஒரு கதவு. மதினி பாத்ரூமுக்குள் போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்ததும், “ஏட்டி, இதுக்குள்ள பந்தி பரிமாறலாம் போலுக்கே” என்றாள். பிறகு சாதாரணமாக, “ஒங்க வீட்லயும் இப்படித்தான் இருக்கும், என்ன?” என்று கேட்டாள். நான் ஏசி ரிமோட்டைத் தேட ஆரம்பித்தேன். அந்த பாத்ரூமில் எங்கள் சோபாவை இழுத்துக் கட்டிலாகவே போட்டுவிடலாம், பீரோவும் திறக்கும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் பொங்கப்படி மூட்டைகளை மூலையில் அடுக்கி, மேலே துண்டை விரித்து மூடினான். ஒரு சாமானையும் அவிழ்க்கவில்லை.

மறுநாள் காலை முதல் எங்களை ஓட்டம் ஓட்டமாக ஓட்டினார் வீட்டுக்காரர். முப்பது வருஷமாக ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் போய் வருகிற மனிதருக்கு எதைப் பார்த்தாலும் கூட்டம் நெரிகிற குர்லா ஸ்டேஷன்தான். பார்க்கைச் சுற்றி ஒரு சின்ன ரயில் ஓடுகிறது. அது வளைவில் தலை காட்டியதுமே வேட்டைநாய் மாதிரி நிமிர்ந்தார். ரயில் நிற்பதற்கு முன்னாலேயே ஓடிப்போய்த் தொற்றி ஏறி, ஒரு சீட்டில் கர்ச்சீப், ஒரு சீட்டில் தொப்பி, ஒரு சீட்டில் தன் செருப்பு என்று எறிந்து இடம் பிடித்துவிட்டு, “கோமதி, விண்டோ சீட்! ஏறு, ஏறு!” என்று கத்தினார். ஆபரேட்டர் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தான். அந்த ரயிலில் எங்களைத் தவிர ஏறுவதற்கு ஆளே இல்லை.

அண்ணன் நிதானமாக ஏறி, செருப்பை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

“மாப்ள, இந்த ரயிலு எங்க போவுது?”

“சும்மா ஒரு சுத்து சுத்திட்டு இங்கயே வந்துரும் மச்சான்.”

“அப்ப எதுக்கு மாப்ள அப்படி ஓடுனிய?”

மும்பைக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்கத் தெரியாமல் இருந்த கேள்வி அது. வீட்டுக்காரர் கர்ச்சீப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

படகு ரைடில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக நுழைந்து, “தோடா சர்க்கோ” என்று ஒரு குஜராத்திக் குடும்பத்தை நகரச் சொன்னார். லோக்கல் ட்ரெயினில் அது எழுதாத சட்டம், யாரும் மறுக்க மாட்டார்கள். இங்கே அந்தக் குடும்பத் தலைவர் சீட் பெல்ட்டைக் காட்டி, நாலாவது பெல்ட் எங்கே என்று கேட்டார். பேய் வீட்டுக்குள் மதினி பேயிடமே வழி கேட்டாள். ராட்டினத்தில் அண்ணன் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது நிவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, நீ டென்ஷன் எடுக்காத. கண்ண மூடிக்கோ” என்றாள்.

நான் அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். “மாமாவ நீங்கன்னு சொல்லு.”

“இந்தில நான் ஆப்னுதான் சொல்லுவேன் மம்மி. தமிழ்ல அது வாய்ல வரல.”

“விடுட்டி,” என்றான் அண்ணன் கண்ணை மூடியபடியே. “பிடிச்ச கைய விடச் சொல்லிராத.”

இரண்டாம் நாள் சாயங்காலம் ரூமுக்கு வந்தபோது வாழை மணம் தூக்கியது. தாரில் மேல் சீப்பு மஞ்சள் தட்ட ஆரம்பித்திருந்தது. அண்ணன் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, “நாளைக்கு இத ஒன் வீட்ல எறக்கிறணும்” என்றான். வீட்டுக்காரர் இதற்கும் திட்டம் வைத்திருந்தார்.

“அதுக்கென்ன மச்சான், இங்கயே குடுத்துருங்க. கீழ லாபில யானை பொம்மைக்கு முன்னால நின்னு குடுத்தா ஃபோட்டோவும் ஜோரா வரும். நாங்க கார்ல கொண்டுபோயிருதோம்.”

அண்ணன் அவர் பக்கம் திரும்பினான்.

“பொங்கப்படிய லாட்ஜ்ல வச்சா மாப்ள குடுப்பாவ?”

அவ்வளவுதான் சொன்னான். திரும்பத் துண்டை இழுத்து மூடிவிட்டுப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். டிவியில் என்னவோ ஓடிக்கொண்டிருந்தது, பார்க்கவில்லை.

5

கடைசி நாள் காலை தண்ணீர் விளையாட்டு. அங்கே பருத்தித் துணி கூடாது, நைலான்தான் உடுத்தவேண்டும் என்று ஒரு விதி. வாடகைக்குக் கிடைக்கும். அண்ணனுக்குக் கிளிப்பச்சையில் முழங்கால் வரை ஒரு டிரவுசரும், முதுகில் சுறாமீன் போட்ட பனியனும் கிடைத்தது. களக்காட்டில் நாலு பேர் எழுந்து நின்று அண்ணாச்சி என்று கும்பிடுகிற மனிதன், சுறாமீனைச் சுமந்துகொண்டு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மடித்த புது வேட்டி மடியில் இருந்தது. செயற்கை அலையில் மதினி நிவியின் கையைப் பிடித்துக்கொண்டு கூச்சலிட்டாள். வீட்டுக்காரர் அடுத்த சறுக்குக்கு முன்கூட்டியே வரிசையில் நிற்கப் போயிருந்தார். நானும் அண்ணனும் எல்லார் செருப்புக்கும் காவல்.

“ஏட்டி, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லுவியா?”

“கேளுண்ணே.”

“நான் ஒன் வீட்டுக்கு வந்தா ஒனக்குக் கேவலமா?”

எனக்கு முதலில் புரியவில்லை.

“இல்ல, மாப்ள ஆபீஸ்காரரு. அடுக்கு மாடி வீடு. சுத்தி படிச்ச ஆளுவ, பெரிய மனுசங்க இருப்பாவ. நான் சட்டையெல்லாம் வாழக்கறையோட வந்து நின்னா, இவந்தானா ஒங்க அண்ணன்னு கேப்பாவல்லா. அத நெனைச்சுத்தான் நீ என்னை வேண்டாங்கேன்னு இத்தன வருஷமா நெனைச்சிட்டிருக்கேன். அதான் நான் வாரேன்னு ரொம்ப அழுத்திக் கேக்கதில்ல. இந்த வாட்டி ஒம் மதினிதான், நல்லதா நாலு துணி எடுத்துட்டுப் போவோம், அப்புறம் என்ன சொல்லிருவாவன்னு சொன்னா.” மடியில் இருந்த வேட்டியைத் தடவினான். “வேட்டி நல்ல வேட்டிதாம்ட்டி.”

நான் அழுதுவிட்டேன். அந்தச் சுறாமீன் பனியனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இருபத்தைந்து வருஷமாக என் கௌரவத்தை நான் பொத்திப் பொத்திக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு அவன் ஊரில் இருந்துகொண்டு அவமானப்பட்டிருக்கிறான்.

“அண்ணே, கேவலமெல்லாம் இல்லண்ணே. வீடு சின்னது. ஒரே ரூம்பு. அதான்.”

அண்ணன் தலையை ஆட்டினான். வெள்ளையடிக்கிறார்கள், குழாய் மாற்றுகிறார்கள், நிவிக்குப் பரீட்சை என்றபோதும் இதே மாதிரித்தான் தலையை ஆட்டியிருப்பான் என்று எனக்கு அப்போது தோன்றியது.

“சரிட்டி, விடு. நீ எதுக்கு அழுத?”

அவன் நம்பவில்லை. இத்தனை வருஷத்தில் நான் சொன்ன ஒரே உண்மை, இன்னொரு சாக்காகப் போய்விட்டது. காட்டினால் ஒழிய இனி நம்ப மாட்டான்.

நேரே சறுக்கு வரிசைக்குப் போனேன். வீட்டுக்காரர் முன்னாலிருந்து நாலாவது ஆளாக நின்றுகொண்டிருந்தார், முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

“கார் சொல்லுங்க. வீட்டுக்குப் போறோம்.”

“வீட்டுக்கா? ரயில் கல்யாண்ல கோமதி. அது எதிர்ப்பக்கம். ரூட்டே கிடையாது.”

“பொங்கப்படிய வீட்ல எறக்கிட்டு அப்புறம் கல்யாண் போலாம்.”

“வீட்டப் பாத்துருவாரே?”

“பாக்கட்டும்.”

“எல்லாரும் எங்க உக்காருவோம்?” என்று கேட்டார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிக் கத்தினார்கள். அவர் நகரவில்லை. அந்தக் கேள்விக்கு மூன்று மாதமாக அவரிடமும் பதில் இருந்திருக்கவில்லை, பாவம். எனக்கு அவர் மேலும் இரக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையைப் பிடித்து வரிசையை விட்டு இழுத்துக்கொண்டு வந்தேன்.

6

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வீட்டுக்காரர் வாழைத்தாரைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறினார். அண்ணன் வேட்டி சட்டைக்கு மாறி, கரும்போடு வந்தான். மராட்டிக்கார அம்மாள் கதவைத் திறந்து கும்பிட்டாள். அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு பதிலுக்குக் கும்பிட்டான்.

நான் கதவைத் திறந்தேன். அது பாதிதான் திறந்தது. விடியலில் கிளம்பிய அவசரத்தில் சோபாவை மடக்காமல் கட்டிலாகவே விட்டுவிட்டுப் போயிருக்கிறோம். யாரும் வரப்போவதில்லை என்கிற திட்டத்தில் சோபாவை மடக்குகிற வேலைக்கு இடமில்லை. அறை முழுக்கக் கட்டில். கட்டிலுக்கு மேலே கொடி நிறைய மூன்று நாள் காய்ந்த துணி.

அண்ணன் ஒருக்களித்து உள்ளே நுழைந்தான். கட்டிலைப் பார்த்தான், கொடியைப் பார்த்தான், கேஸ் சிலிண்டரைப் பார்த்தான். எங்கள் வீடியோ கால் சுவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து கொஞ்சம் நின்றான். இன்னொரு கதவு எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினான். பாத்ரூம் கதவைத் தவிர வேறு இல்லை.

“இம்புட்டுதானாட்டி?”

“இம்புட்டுதாண்ணே.”

முதலில் அவன் தோள் குலுங்கியது. பிறகு சத்தமாகச் சிரித்தான். கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தான், துடைத்து முடிக்க நேரமானது.

“சவத்து மூதி. இதுக்காட்டி? இதுக்கா?”

மதினி கொடியிலிருந்த துணியை உருவி மடிக்க ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் தாரைத் தோளில் வைத்தபடியே வாசலில் நின்றார், இறக்க இடம் தெரியாமல்.

“மாப்ள, உள்ள வாங்க. ஒங்க வீடுதான” என்றான் அண்ணன்.

கட்டிலைச் சோபாவாக்கிய பிறகு தரை தெரிந்தது. தரையில் பொங்கப்படியைப் பரப்பியதும் தரை மறுபடி காணாமல் போனது. கரும்பு நிமிர்ந்து நிற்கவில்லை, வாசலிலிருந்து ஜன்னல் வரை குறுக்கே சாய்ந்துகொண்டது. நானும் வீட்டுக்காரரும் சமையலறைப் படியில் நின்று சீர்த்தட்டை வாங்கிக்கொண்டோம். நிவி சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து ஃபோட்டோ எடுத்தாள். இந்தத் தடவை போனை எல்லாப் பக்கமும் திருப்பினாள்.

அவசரத்துக்கு ஒரு ரசம் வைத்து அப்பளம் பொரித்தேன். அண்ணன் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். “காத்து நல்லா வருது” என்றான். எங்கள் ஜன்னலில் காற்று அப்படியொன்றும் வராது. பிறகு சாமான்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுத் துண்டை விரித்துத் தரையில் படுத்தான். தலை பீரோவடியில் இருந்தது, கால் சமையலறைக்குள் போயிருந்தது. செத்த நேரம் கண் மூடிக்கொள்கிறேன் என்றவன் அப்படியே தூங்கிப்போனான்.

வீட்டுக்காரர் சமையலறைக்குள் மாட்டிக்கொண்டார். படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது. சுற்றிப் போகவும் வழியில்லை. அங்கிருந்தே போனைத் தூக்கிக் காட்டினார். கீழே கார் நிற்கிறது, இப்போது எழுப்பினால்தான் ரயிலைப் பிடிக்கலாம் என்று சைகை செய்தார். நான் குனிந்து அண்ணன் தோளைத் தொடப் போனேன். மதினி என் கையைப் பிடித்துவிட்டாள்.

“எழுப்பாதட்டி. அந்த ஏசி ரூம்ல அவிய ஒரு ராத்திரியும் கண்ணு மூடல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவ மாட்டேங்காளே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவ மாட்டேங்காளேன்னு முழிச்சிட்டே கெடந்தாவ.”

பொங்கல் முடிகிறவரை ஊருக்கு வேறு டிக்கெட் கிடைக்காது. ஐந்து பேரும் இங்கே எப்படிப் படுப்பது, காலையில் பாத்ரூமுக்கு யார் முதலில் போவது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை, முகத்திலேயே எழுதியிருந்தது. அண்ணன் லேசாகக் குறட்டை விட ஆரம்பித்தான். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து என் பிறந்த வீட்டு ஆள் ஒருத்தர்கூட இந்தத் தரையில் படுத்ததில்லை.

காரைப் போகச் சொல்லுங்கள் என்றேன்.